முட்டை எங்கேன்னு தினமும் தேடுறீங்களா? கோழிக்கு இடம் காட்டுங்க!

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறவங்க காலையிலேயே கிளம்பிடுவாங்க. கோழி பெரும்பாலும் முட்டை போடுறதும் காலையிலதான். சாயங்காலம் வந்து விறகு அடுக்கு, கட்டிலுக்கு அடியிலன்னு தேடுறதுக்குள்ள காக்காவோ நாயோ முந்திடும். தப்பு கோழி மேல இல்லை. நாம இடம் பழக்கலை, அவ்வளவுதான்.

முட்டையிட...

கோழிக்கு வேண்டியது இருட்டா, மறைவா, மெத்துன்னு ஓர் இடம். ஓர் அடி நீள அகலத்துல பெட்டியோ பழைய கூடையோ போதும். நாலு கோழிக்கு ஒண்ணு. உள்ளே வைக்கோல் போடுங்க. சும்மா கிடைக்குதேன்னு தோல் ஷாப்புத் தூளைக் கொட்டிடாதீங்க. குரோமியம் உப்புல பதப்படுத்துன தோலா இருக்கலாம். கோழி அதையும் கொத்தும். பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் முட்டையை வெச்சா, இடத்தை நம்பி உட்காரும்.

அடைய...

இருக்கறதுலயே உயரமான இடத்துலதான் கோழி அடையும். பெட்டி உயரமா இருந்தா அதுலயே தூங்கி, எச்சம் போட்டு, முட்டையை அழுக்காக்கிடும். அதனால 2 அங்குலக் கம்பைப் பெட்டியைவிட உயரமா கட்டுங்க. பெட்டியில தூங்குற கோழியை இருட்டினதும் தூக்கிக் கம்புல வைங்க. இருட்டுல அதுக்குக் கண் சரியா தெரியாது, இறங்காது.

முதல் ஒரு வாரம், தீனி, தண்ணி வெச்சு காலை 10 மணி வரைக்கும் கூண்டைத் திறக்காதீங்க. வீட்டுல ஆள் இல்லையா? திறந்துவிடச் சொல்லி பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவியைக் கொடுங்க. வேலூர் வெயில்ல தகரக் கூண்டு அடுப்பாயிடும்!