அறிக்கை திறக்கவில்லையா? உலாவி, இணைய இணைப்புக் கோளாறுகளுக்குச் சில எளிய தீர்வுகள்

இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் அறிக்கை, மறுவருகைக்கான முன்பதிவு, காணொளி வழி ஆலோசனை, கட்டணம் எனப் பல மருத்துவ அலுவல்கள் இன்று கைபேசித் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. அத்திரை வெறுமையாய் நின்றுவிடும்போது எழும் பதற்றத்தை நாங்கள் அறிவோம். பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு அது இன்னுமோர் உறக்கமற்ற இரவு. எமது உதவி மேசைக்கு வரும் இத்தகைய அழைப்புகளுள் மிகப் பல, சில நிமிடங்களில் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய சிறு கோளாறுகள் பற்றியவை. கணினி அறிவு பெரிதாகத் தேவைப்படாத அத்தீர்வுகளை இவ்விதழில் தருகிறோம்.

அதற்கு முன் ஒன்று. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு கையோ காலோ செயலிழத்தல், நிற்காத இரத்தப்போக்கு, நினைவு தடுமாறுதல் ஆகியவை தோன்றினால் காணொளி இணைப்பைச் சரிசெய்ய முயன்றுகொண்டிராதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். கீழே சொல்லப்படுபவை சற்றுப் பொறுக்கக்கூடிய காரியங்களுக்கு மட்டுமே.

கோளாறு எங்கே?

மருத்துவர் எடுத்த எடுப்பில் மருந்து எழுதுவதில்லை. எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்கிறார். இங்கும் அதே முறைதான். மருத்துவமனைப் பக்கம் திறக்கவில்லை எனில், அதே கைபேசியில் நீங்கள் அன்றாடம் பார்க்காத வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அன்றாடம் பார்ப்பது ஏன் கூடாதெனில், உலாவி அதன் பழைய பிரதியைச் சேமித்து வைத்திருந்து, இணைப்பு அறுந்திருக்கும்போதும் அதையே காட்டக்கூடும். வேறு தளமும் திறக்கவில்லையென்றால் குறை இணைப்பில் இருக்கிறது. மற்றவை திறந்து, எங்கள் பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் குறை உங்கள் உலாவியிலோ எங்கள் பக்கத்திலோ இருக்கிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. உலாவியின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘இன்காக்னிட்டோ’ எனப்படும் மறைநிலைச் சன்னலைத் திறந்து, அதில் எங்கள் பக்கத்திற்குச் செல்லுங்கள். அச்சன்னல் பழைய தரவு எதையும் எடுத்துக்கொள்ளாமல் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே அங்கே பக்கம் திறந்தால், உலாவி சேர்த்து வைத்திருக்கும் பழைய தரவே காரணம் என்று கொள்ளலாம். அங்கும் திறக்கவில்லை, வேறோர் இணைப்பிலுள்ள இன்னொருவர் கைபேசியிலும் திறக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் எங்களுடையது. தொலைபேசியில் எங்களுக்குத் தெரிவித்துவிட்டு நீங்கள் ஓய்வெடுங்கள். மேற்கொண்டு பார்ப்பது எங்கள் பொறுப்பு.

இணைப்பில் குறை எனில்

கைபேசியின் விமான நிலையை இயக்கி, பத்து விநாடி கழித்து அணையுங்கள். இது வெறும் சடங்கன்று. கைபேசி பழைய கோபுரத் தொடர்பை விட்டுவிட்டு, புதிதாகப் பதிவு செய்துகொள்கிறது. பயணம் செய்து வந்தவர்களுக்கும், மருத்துவமனையின் அடித்தளத்திலிருந்து மேலே வந்தவர்களுக்கும் இதுவே பெரும்பாலும் போதும். எக்ஸ்ரே அறைகளின் சுவர்களில் ஈயத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். எம்ஆர்ஐ அறையோ வானொலி அலைகள் உள்ளே புகாதவாறு உலோகத்தால் முழுவதும் மூடப்பட்டது. அவ்வறைகளை ஒட்டிய காத்திருப்புப் பகுதிகளில் சிக்னல் மெலிந்திருப்பதில் வியப்பில்லை. சாளரம் உள்ள கூடத்திற்கு வந்து முயலுங்கள்.

அடுத்து, நாள் வரம்பு. 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அன்றாட அளவு வகுக்கப்பட்ட திட்டங்களில், அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுவதில்லை; பல திட்டங்களில் 64 கேபிபிஎஸ் அளவுக்கு வேகம் குறைந்துவிடுகிறது. எழுத்துச் செய்தி போகும், அறிக்கை திறக்காது, காணொளி உறைந்து நிற்கும். இணைப்பு இருப்பதுபோலவே தோன்றுவதால் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை. நோயாளியின் அருகே இரவுப் பொழுதைக் கழிக்கத் திரைப்படம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நள்ளிரவு கடந்தபின் பார்க்கும் படம் பெரும்பாலும் மறுநாள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாலையில் காணொளி ஆலோசனை இருக்கும் நாளில் இதை நினைவிற்கொள்வது நலம்.

வீட்டு வைஃபையில் வரும் தொல்லைகளுக்கு, ரவுட்டரின் மின்னிணைப்பைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மீண்டும் செருகுவதே முதல் வைத்தியம். ஆயினும் ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் முதலில் அதன் விளக்குகளைப் பாருங்கள். ‘லாஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து வரும் ஒளியிழை அறுந்தோ மடங்கியோ போயிருக்கிறது என்று பொருள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இராது. இணைப்பு நிறுவனத்தைத்தான் அழைக்கவேண்டும். அதுவரை கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் தரவுக்கு மாறுங்கள். ரவுட்டர் எரிந்துகொண்டிருக்கும்வரை கைபேசி அதையே பற்றிக்கொண்டு, இணையமே இல்லாத வைஃபையில் நின்றுவிடுவதுண்டு.

ஒரே ரவுட்டர் இரு பெயர்களில் வைஃபை தந்தால், தொலைவிலுள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் நன்று. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே அமர்ந்து பேச 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே குலைக்கும். ஆலோசனை நேரத்தில் சமையலறையில் கஞ்சி சூடாக்குவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

உலாவியில் குறை எனில்

மறைநிலைச் சன்னலில் பக்கம் திறந்து, வழக்கமான சன்னலில் திறக்காவிடில், பழைய தரவை நீக்கவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. அமைப்புகளுக்குள் சென்று எல்லாவற்றையும் ஒருசேர அழித்துவிடாதீர்கள். அப்பட்டியலில் ‘கடவுச்சொற்கள்’ என்ற கட்டமும் இருக்கும். அது தேர்வாகியிருந்தால் வங்கி முதல் மின்கட்டணம் வரை உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் யாவும் போய்விடும். குரோம் உலாவியில் முகவரிக்கு இடப்புறமுள்ள சிறு குறியைத் தொட்டு, குக்கீகள் என்ற பகுதிக்குள் சென்று, அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்கலாம். பின்னர் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும், அவ்வளவே. முன்னாளில் அவ்விடத்தில் பூட்டுக் குறி இருந்தது. 2023 முதல் குரோமில் இரு கோடுகளும் இரு சிறு வட்டங்களும் கொண்ட குறியாக மாறியிருக்கிறது.

‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்ற எச்சரிக்கை பலரை அச்சுறுத்துகிறது. அஞ்சுமுன் கைபேசியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பேட்டரி முற்றும் தீர்ந்து கிடந்த பழைய கைபேசி விழித்தெழும்போது தேதி பின்தங்கியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழையும் உலாவி ஏற்க மறுக்கும். தேதி, நேரத்தைத் ‘தானாக அமை’ என்று மாற்றினால் எச்சரிக்கை மறையும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை தொடர்ந்தால், ‘பரவாயில்லை, செல்க’ என்பதை அழுத்தாதீர்கள். அப்பக்கத்தில் கடவுச்சொல் எதையும் இடாதீர்கள்.

கருவியே பழையதாகிவிட்ட நிலையும் உண்டு. 2023 இறுதியில் வந்த 120ஆம் பதிப்பு முதல் குரோம் ஆண்ட்ராய்டு 7இல் இயங்குவதில்லை. விண்டோஸ் 7 இயங்கும் கணினிகளுக்கு 109ஆம் பதிப்பே இறுதி. அத்தகைய கருவிகளில் புதிய தளங்கள் பாதி திறந்து நிற்கும். முதியவர்களுக்கு வீட்டின் பழைய கைபேசியைக் கொடுத்திருக்கும் பிள்ளைகள், மருத்துவ அலுவலுக்கேனும் தம் கைபேசியை ஒரு மணி நேரம் தந்து உதவலாம்.

அறிக்கையின் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நிகழவில்லையா? அறிக்கை புதிய சன்னலில் திறக்க முயன்று, உலாவி அதைத் தடுத்திருக்கலாம். ‘பாப்-அப் தடுக்கப்பட்டது’ என்று தோன்றும் வரியைத் தொட்டு அனுமதியுங்கள். அல்லது அறிக்கை ஓசையின்றி இறங்கி, ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் கிடக்கலாம். ஒரே அறிக்கையை ஏழெட்டு முறை இறக்கிவிட்டு, வரவில்லை என்று எங்களை அழைப்பவர்கள் உண்டு. ஸ்கேன் அறிக்கை சில பக்கங்களே. ஆனால் சிடி ஸ்கேன் படங்கள் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்களின் தொகுதி. அவற்றை நல்ல வைஃபையில் மட்டும் இறக்குங்கள்.

உலாவி தானே மொழிபெயர்க்க முன்வந்தால், அறிக்கைப் பக்கத்தில் அதை மறுத்துவிடுங்கள். ‘நெகட்டிவ்’ என்றால் தேடிய நோய்க்குறி காணப்படவில்லை என்பது பொருள். இயந்திரம் அதை ‘எதிர்மறை’ என்று எழுதிவைக்க, குடும்பமே கலங்கிப்போகும்.

காணொளி ஆலோசனையின்போது

முகம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை என்பதற்கு முதற்காரணம் அனுமதி. முதன்முறை உலாவி கேட்டபோது அவசரத்தில் ‘மறு’ என்பதை அழுத்தியிருந்தால் அது பிறகு தானாகக் கேட்பதில்லை. முன்சொன்ன அதே சிறு குறியைத் தொட்டு, கேமராவையும் ஒலிவாங்கியையும் அனுமதித்து, பக்கத்தைப் புதுப்பியுங்கள். வேறு செயலி கேமராவைப் பிடித்துவைத்திருந்தால் அதை மூடுங்கள். செய்திச் செயலிக்கு உள்ளேயே இணைப்பு திறந்திருந்தால், முகவரியைப் படியெடுத்து உலாவியில் ஒட்டுங்கள். அத்தகைய உட்சன்னல்களில் கேமரா இயங்காமற்போவதுண்டு. பத்து நிமிடம் முன்னதாகவே இவற்றைப் பார்த்துவைத்தால், மருத்துவரோடு பேசக் கிடைக்கும் நேரம் வீணாகாது.

என்ன செய்தும் காணொளி அமையவில்லையெனில் ஆலோசனையே போயிற்று என்று எண்ணாதீர்கள். 2020 மார்ச்சில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் காணொளி, குரல், எழுத்து மூன்றையும் ஏற்கின்றன. சில மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுதக் காணொளி தேவைப்படும். தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வெறும் தொலைபேசி அழைப்பே பெரும்பாலும் போதும். எதைத் தொலைபேசியில் முடிக்கலாம், எதற்கு நேரில் வரவேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். தயங்காமல் கேளுங்கள்.

பணம் செலுத்தும் இடத்தில்

மற்ற இடங்களில் நாங்கள் சொல்லும் ‘புதுப்பியுங்கள்’ என்ற அறிவுரை இங்கே பொருந்தாது. பணம் கழிந்து பக்கம் உறைந்துவிட்டால் மீண்டும் அழுத்தாதீர்கள். வங்கியின் குறுஞ்செய்தியையும் யுபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலையும் முதலில் பாருங்கள். பணம் கழிந்து, பெறுபவருக்கு உறுதி வந்து சேராத யுபிஐ பரிவர்த்தனைகளில், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி 5 நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. கட்டணப் பதிவு வரவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், பரிவர்த்தனை எண்ணுடன் கட்டணப் பிரிவை அணுகுங்கள்.

ஓடிபி வரத் தாமதமானால் ஓயாது ‘மீண்டும் அனுப்பு’ என்று அழுத்துவதும் வேண்டாம். பொதுவாகக் கடைசியாக அனுப்பப்பட்ட எண்ணே செல்லும். முந்தையது தாமதமாக வந்து குழப்பும்.

இந்தப் பதற்றத்தை எதிர்பார்த்தே சிலர் காத்திருக்கிறார்கள். மருத்துவமனையின் எண்ணைத் தேடுபொறியில் தேடும்போது, மோசடிக்காரர்கள் பதித்துவைத்த எண்ணும் அங்கே வரக்கூடும். அதில் பேசுபவர் கனிவாகவே பேசுவார்; முன்பதிவுக்கு ஐந்து, பத்து ரூபாய் மட்டும் செலுத்தச் சொல்வார்; பின் உங்கள் திரையைத் தாம் பார்க்கும்படியான செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். அச்செயலி வழியே உங்கள் வங்கிக் கணக்கு அவர் கண்முன் திறந்துவிடுகிறது. எங்கள் எண்ணை உங்கள் நோயாளர் அட்டையிலிருந்து மட்டும் எடுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்திலேயே தெரிவித்தால் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம்.

எங்களை அழைக்கும்போது

திரையில் தோன்றிய வாசகத்தை அப்படியே படித்துச் சொல்லுங்கள். ‘ஏதோ எரர்’ என்பதைவிட அதிலுள்ள எண் எங்களுக்குப் பெரிதும் உதவும். எப்போது நேர்ந்தது, வைஃபையா மொபைல் தரவா, மறைநிலைச் சன்னலில் என்ன ஆயிற்று என்பவையும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரே அழைப்பில் முடித்துவிடலாம். திரைப்படம் எடுத்து அனுப்புவதாயின், நோயாளியின் பெயரும் பரிசோதனை முடிவும் அதில் தெரியாதவாறு வெட்டி அனுப்புங்கள். பிரவுசிங் சென்டரிலோ அண்டை வீட்டார் கணினியிலோ அறிக்கையைப் பார்த்திருந்தால், இறக்கிய கோப்பை அழித்து, வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் பதிவு எண்ணை நாங்கள் கேட்போம். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் ஒருபோதும் கேட்பதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி எவரேனும் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையிலுள்ள எண்ணில் எங்களுக்குத் தெரிவியுங்கள்.