விலை பத்தாயிரம், செலவு ஒரு லட்சம்

1960 ஏப்ரலில் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் துறைமுகத்துக்கு மோட்டார் படகுப் பந்தயம் நடந்தபோது கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ‘மாப்பி’ என்ற மரப்படகு எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கூடக் கிளம்பிய படகுகளில் பல மறுநாள்தான் கரை கண்டன. படகின் சொந்தக்காரர் டிக் பெர்ட்ராம்; வடிவமைத்தவர் ரே ஹன்ட். அந்தக் காலத்து வேகப்படகுகளின் அடிப்பாகம் பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். ஹன்ட் தன் படகின் ‘வி’ வடிவத்தைக் கடைசிவரை ஆழமாகவே கொண்டுபோனார். தட்டைப் படகு அலைமேல் விழுந்து அறைவாங்கும் இடத்தில் இது அலையைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த மரப்படகையே வைத்து அச்சு எடுத்து, 1961 முதல் ஃபைபர்கிளாஸில் வார்த்து விற்ற படகுதான் ‘பெர்ட்ராம் 31’. இருபது ஆண்டுகளுக்கு மேல் தயாரானது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இன்றும் அதற்குக் கிராக்கி இருக்கிறது.

ஓடாமல் நிற்கும் பெர்ட்ராம் 31 ஒன்று பத்தாயிரம் டாலருக்கும் குறைவாகக் கிடைத்துவிடும். முழுக்கச் செப்பனிட்டதை வாங்கப் போனால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். நடுவில் இருக்கும் அந்தத் தொண்ணூறாயிரத்தைப் பார்த்துத்தான் பலர் இறங்குகிறார்கள். நாமே வேலை பார்த்தால் அது நம் பைக்கு வந்துவிடாதா என்ற கணக்கு. ஆனால் அந்த ஒரு லட்சம், பெரும்பாலும் அதைவிட அதிகம் செலவழித்தவர் நட்டத்துக்கு விற்ற விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இந்தப் படகுகளில் சுமைகூலி முக்காலோடு நிற்பதும் இல்லை.

இந்தப் படகுகளில் இரண்டு என்ஜின் வைப்பதற்குக் காரணம் உண்டு. கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி ஒன்று நின்றுபோனால் மற்றொன்றில் வீடு திரும்பலாம். ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் ஓட்டினால், நெருக்கமான துறையில் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். அதற்கு விலையாக எல்லாமே இரண்டு: இரண்டு கார்புரேட்டர், இரண்டு ஸ்டார்ட்டர், இரண்டு கடல்நீர் பம்ப், இரண்டு ஷாஃப்ட், இரண்டு புரொப்பல்லர். பழைய படகுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. புரொப்பல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு என்ஜினையே தலைகீழ்த் திசையில் சுழலும்படி கட்டியிருப்பார்கள். அதன் கேம்ஷாஃப்ட் வேறு, ஸ்டார்ட்டர் வேறு. தேடி அலைந்து கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்குபவர்களை அதிகமாகக் கவிழ்ப்பது புகை போகும் பாதை. பெட்ரோல் என்ஜினின் சூடான புகையை மானிஃபோல்டு என்ற வார்ப்பிரும்புப் பெட்டி சேர்த்தெடுத்து, ரைசர் என்ற வளைகுழாய் வழியாக வெளியே அனுப்புகிறது. இரண்டிலும் புகைக்கு ஒரு அறை, அதைச் சுற்றிக் குளிர்விக்கும் நீருக்கு ஒரு அறை. நடுவே ஒரே ஒரு இரும்புச் சுவர். பல பழைய படகுகளில் அந்த நீர் நேராகக் கடலிலிருந்து வருவது. உப்பு அந்தச் சுவரை உள்ளிருந்தே தின்கிறது. வெளியே புத்தம் புது பெயின்ட் பளபளக்கும், உள்ளே சுவர் தகடாக உரிந்துகொண்டிருக்கும். ஓட்டை விழுந்ததும் கடல்நீர் புகைவழியாகச் சறுக்கி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீரை அமுக்க முடியாது. மறுமுறை சாவியைத் திருப்பும்போது பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். உப்புக் கடலில் ஓடும் படகுக்கு இந்தச் சாமான்களை ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ‘வி8’ என்ஜினுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஜோடி, ஆகவே இரண்டு என்ஜினுக்கு நான்கு ஜோடி. உதிரிக்கே சில ஆயிரம் டாலர் போய்விடும். கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டு, ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுவதுதான் சரி.

அடுத்தது எரிபொருள் டேங்க். 1960, 70-களின் படகுகள் பலவற்றில் டேங்கையும் ஃபைபர்கிளாஸிலேயே செய்திருந்தார்கள். துருப்பிடிக்காது என்று அதைப் பெரிதாகப் பாராட்டிய காலம் அது. 2004-ல் நியூயார்க்கும் கனெக்டிகட்டும் பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருளைத் தடைசெய்ய, எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனால் அந்த டேங்குகளின் பிசினைக் கரைத்தது. கரைந்தது என்ஜினுக்குள் போய் வால்வுகளில் கரும்பசையாக ஒட்டிக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின்கள் அதனால் கெட்டன. ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. இரண்டும் குடிப்பது ஒரே பெட்ரோல். அலுமினிய டேங்காக இருந்தாலும், தளத்துக்கடியில் ஈரம் கோத்த நுரைக்குள் புதைந்து கிடந்தால் அரித்துப்போகும். அதை எடுக்கத் தளத்தையே அறுக்க வேண்டிவரும். பட்டறைக் கூலி மணிக்கு 120 டாலருக்கு மேல் போகும் ஊரில் இது லேசான காரியம் இல்லை.

உள்ளே இருப்பது ஷெவர்லே கார் என்ஜின்தானே, கார் கடையில் பாதி விலைக்கு ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். மாட்டவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் இறங்கித் தேங்கி நிற்கும். காரில் அது தரையோடு கலைந்து போகும், படகில் போக இடமில்லை. படகுக்கான ஸ்டார்ட்டரிலும் ஆல்டர்னேட்டரிலும் உள்ளே எழும் பொறி வெளியே வந்து ஆவியைப் பற்றவைக்காதபடி மூடியிருப்பார்கள். கார் சாமானில் அந்த ஏற்பாடு கிடையாது. என்ஜினைக் கிளப்பும் முன் நான்கு நிமிஷம் காற்றூதியை ஓட்டச் சொல்லும் எச்சரிக்கை அட்டை அமெரிக்கப் பெட்ரோல் படகுகளில் இருப்பதும் இதற்காகத்தான். இங்கே மிச்சம் பிடிக்கிற நூறு டாலர், ஏறி உட்காரும் குழந்தைகளின் உயிரோடு விளையாடுவது.

படகு விலையில் பத்து சதவீதத்தை ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கினால் போதும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பழைய படகுக்கு இது படுதவறான வழிகாட்டி. துறையில் கட்டும் வாடகை அடிக்கணக்கில். அடிப்பக்கத்தில் பூசும் பாசித்தடுப்பு பெயின்ட், தரையில் ஏற்றும் கூலி எல்லாம் அடிக்கணக்கில்தான். நீங்கள் பத்தாயிரம் கொடுத்து வாங்கினீர்களா, இரண்டு லட்சம் கொடுத்தீர்களா என்று படகுத்துறையில் யாரும் கேட்பதில்லை. எரிபொருளும் அப்படியே. பெட்ரோல் என்ஜின் வெளியிடும் ஒவ்வொரு பத்துக் குதிரைத் திறனுக்கும் மணிக்கு ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர், குடிக்கும் என்பது தோராயக் கணக்கு. நிதான வேகத்தில் இரண்டு என்ஜினில் ஒவ்வொன்றும் 130 குதிரைத் திறன் கொடுத்தால், மணிக்கு சுமார் நூறு லிட்டர்.

பேரம் முடியும் முன் படகைப் பரிசோதிக்கும் சர்வேயரை அழைத்துவிட வேண்டும். அடிக்கு 25 டாலர் என்றால்கூட 31 அடிக்கு 775 டாலர்தான். அவர் படகைத் தரையில் ஏற்றச் சொல்லி, சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே மரம் ஊறிப்போன இடம் தொப்பென்று அடங்கும். பெர்ட்ராம் 31-ன் அடிப்பகுதி கெட்டியான ஃபைபர்கிளாஸ், அதில் ஊறுவதற்கு மரம் இல்லை. அறுபது வயதுப் படகைத் தேடிப்பிடித்து ஜனங்கள் செலவழிப்பதற்கு அது ஒரு நியாயமான காரணம். அந்தக் காலத்துப் பிற படகுகள் பலவற்றில் பின்சுவரும் உள்விட்டங்களும் ஒட்டுப்பலகையை உள்ளே வைத்து மூடியவை. அங்கே தொப்பென்ற சத்தம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். என்ஜினுக்குத் தனி ஆள் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, எண்ணெயை ஆய்வுக்கு அனுப்புவார். எண்ணெயில் உப்பு தெரிந்தால் விஷயம் வெளிச்சம்.

பாதியில் நின்றுபோன வேலைகளைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. பணம் தீர்ந்து, தார்ப்பாய் போர்த்தி வைத்த படகை விற்கவும் முடியாது, எறியவும் முடியாது. ஃபைபர்கிளாஸ் மட்காது, அறுத்துக் குப்பைக்கிடங்குக்கு அனுப்ப உரிமையாளர்தான் காசு கட்ட வேண்டும். நீரில் அப்படியே சிதையவிட்டுப் போவது ஃபுளோரிடாவில் சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

ஆகவே கையில் பணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, இன்னொருவர் முடித்துவைத்த படகை, ரசீதுகளோடு, அந்த ஒரு லட்சத்துக்கே வாங்குங்கள். மலிவு அதுதான். இல்லை, கைவேலையின் சந்தோஷமே வேண்டும் என்று பழையதை வாங்குபவர்கள் அதே அளவு பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மெத்தை, பெயின்ட், திரைச்சீலை எதையும் முதல் வருஷம் தொடாமல் இருக்க வேண்டும். டேங்கும் எரிபொருள் குழாய்களும் முதலில், பிறகு படகுக்குள் நீர் புகக்கூடிய ஒவ்வொரு வால்வும் ஹோஸும், பிறகு மின்கம்பிகள், அதன்பின் மானிஃபோல்டும் ரைசரும். இவ்வளவும் முடிந்து, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஒரு பருவம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெயின்ட் கடைக்குப் போகலாம்.