கோயில் நிலச் சர்ச்சை: இனத்தை இழுக்கும் போலி வாதங்கள்

கோலாலம்பூர்: கோயில் நிலம் பற்றிப் பேச்சு எழுந்தால், இரண்டே நாளில் அது இனம் பற்றிய பேச்சாகிவிடுகிறது. 2018-இல் சுபாங் ஜெயா சீஃபீல்ட் மாரியம்மன் ஆலயத்திலும், 2025 மார்ச்சில் மஸ்ஜிட் இந்தியா பத்ரகாளியம்மன் ஆலயத்திலும் இதைக் கண்டோம்.

வாதப் பிழைகளுக்குத் தமிழில் பழைய பெயர் ‘போலி’. மணிமேகலையின் 29ஆம் காதை அவற்றை வகை பிரித்துச் சொல்கிறது. காரணம்போல் தோன்றிக் காரணமாகாதது ‘ஏதுப்போலி’. இன்று புலனக் குழுக்களில் சுற்றுபவை பெரும்பாலும் இவையே.

ஒரு சொல், இரு பொருள்

‘ஹராம் கோயில்’ என்கிறார்கள். மலாயில் ஹராம் என்றால் அனுமதியற்றது. சமயம் விலக்கியது என்றும் பொருள். முதல் பொருளில் தொடங்கி இரண்டாவதில் முடிக்கிறார்கள். தோட்டக் கோயில்கள் பல, நிர்வாகத்தின் சம்மதத்தோடு தொழிலாளர் எழுப்பியவை. நிலம் கைமாறியபோது கோயில் பெயரில் பட்டா இல்லை. பட்டா இல்லை என்பதால் அபகரித்தார்கள் என்று ஆகிவிடாது.

சிலர் செயல், இனத்தின் தலையில்

சீஃபீல்டில் 2018 நவம்பர் 26 அதிகாலை ஒரு கும்பல் ஆலயத்துக்குள் புகுந்தது. அடுத்து நடந்த கலவரத்தில் காயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17-இல் உயிரிழந்தார். “இந்தியர்கள் கொன்றார்கள்” என்றது ஒரு தரப்பு. “மலாய்க்காரர்கள் தாக்கினார்கள்” என்றது நம் தரப்பு. இரண்டும் ஒரே பிழை. இது நிலத் தகராறு, இன மோதல் அல்ல என்றே அரசாங்கம் விளக்கியது.

கேள்விக்குப் பதில் வசை

“மாற்று இடம் எங்கே?” என்று கேட்டால் “வந்தேறி, இந்தியாவுக்குப் போ” என்பது பதிலாகாது. பேச்சுவார்த்தைக்குச் செல்பவரை நாம் “இனத் துரோகி” என்பதும் அப்படியே.

இரண்டே வழி

“இருக்கணும், இல்லையேல் உடைக்கணும்” என்பார்கள். மஸ்ஜிட் இந்தியா ஆலயம் நூறாண்டைக் கடந்தது. அது நிற்கும் நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்றது. கடைசியில், சுமார் 50 மீட்டர் தள்ளி வேறிடம் என்று உடன்பாடு வந்தது. மூன்றாவது வழியும் இருந்தது.

ஆகவே ஒரு செய்தியைப் பகிருமுன் கேளுங்கள்: நிலம் யார் பெயரில்? கோயில் எப்போது எழுந்தது? மாற்று இடம் எழுத்தில் உண்டா? கிள்ளான் வட்டாரத் தோட்டக் கோயில் நிர்வாகங்கள் பழைய கடிதங்களையும் ரசீதுகளையும் இப்போதே தேடி எடுத்து வைப்பது நல்லது. பேச்சுவார்த்தை மேசையில் கோபத்தைவிட அவையே உதவும்.