விமானம் வராத இரவு

காத்திருப்பது தஞ்சை மாவட்டத்தாருக்குப் புதிதன்று. ஜூன் 12 ஆம் நாள் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்த்தே நம் முன்னோர் காலம் கழிந்தது. 2024 இல் ஜூலை 28 ஆம் நாள்தான் அணை திறந்தது. 2025 இல் குறித்த நாளிலேயே திறந்தது. தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளை விடாமல் கேட்பார்கள். அணையில் எத்தனை அடி நிற்கிறது? எப்போது திறப்பார்கள்? விடை கிடைத்தால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்கு ஆயத்தமாவார்கள். கிடைக்காவிட்டால் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கே போய்க் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவர்கள் விமான நிலையத்தில் வாய் திறவாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற மாசி மாதம் என் தாய்மாமன் வளைகுடா நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தாத்தாவின் தலைத் திதிக்காக நாற்பது நாள் விடுப்பில் வந்தவர். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலையில் சேராவிட்டால் வேலை போய்விடும் என்று நிறுவனத்தார் சொல்லி அனுப்பியிருந்தனர். வெள்ளி இரவு 11.40க்குத் திருச்சியில் விமானம். தஞ்சையில் விமானப்படைத் தளம் இருக்கிறது, போர் விமானங்கள் நம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகின்றன. ஆயினும் வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால் நாம் திருச்சிக்குத்தான் போக வேண்டும். ஊர் வழக்கப்படி ஒரு வேன் பிடித்து, பன்னிரண்டு பேர் ஏறிக்கொண்டு, புளியோதரைத் தூக்குடன் புறப்பட்டோம். வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி தாண்டி எட்டு மணிக்கு நிலையம் சேர்ந்தோம். மாமா உள்ளே போனார். வழியனுப்ப வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. 2024 இல் திறந்த புதிய முனையம் அரண்மனை போல ஒளிர்ந்தது. நாங்கள் வெளியே நடைபாதையில் துண்டு விரித்தோம்.

பத்தரை மணிக்கு மாமா தொலைபேசியில் அழைத்தார். விமானத்தில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறாம். ஒரு மணி நேரம் தாமதம். பன்னிரண்டரைக்கு, இன்னும் ஒரு மணி நேரம். இரண்டு மணிக்கு, அறிவிப்பு வரும். அம்மா வேனிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வணிகச் சட்டம் எங்களுக்குப் பாடம். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பாருக்கும் கடமை உண்டு என்று வகுப்பில் எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது. டிக்கெட்டும் ஓர் ஒப்பந்தம்தானே? அப்படியானால் எதிர்த்தரப்பின் கடமை என்ன? கைப்பேசியில் தேடினேன்.

விடை எளிதாகவே கிடைத்தது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2010 இல் வெளியிட்டுப் பின்னர் சில முறை திருத்திய விதிகள் இருக்கின்றன. 2019 இல் அமைச்சகம் பயணிகள் சாசனம் ஒன்றும் வெளியிட்டிருக்கிறது. பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் அடங்கும் பயணமானால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரைக்கு மேல் ஐந்து மணி வரையிலான பயணமானால் மூன்று மணி நேரம். அதற்கும் நீண்டதானால் நான்கு மணி நேரம். மாமாவின் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆகவே 2.40 மணிக்கு அவருக்கு உணவு பாத்தியப்பட்டது. உடனே அழைத்தேன்.

"மாமா, கவுண்டர்ல போய்ச் சாப்பாடு கேளுங்க."

"நமக்கு எதுக்கு மாப்ளே வம்பு? யாருமே கேக்கல."

"யாரும் கேக்காததாலதான் யாருக்கும் குடுக்கல."

போய்க் கேட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதப் பொட்டலம் வந்ததாம். அந்தப் பொட்டலம் தந்த துணிவு அதற்குப் பின் அவரை விட்டு அகலவில்லை.

தங்கும் விடுதிக்கும் விதி உண்டு. தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் விடுதியும், போய்வர வண்டியும் தர வேண்டும். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானமானால் 6 மணி நேரத் தாமதமே போதும். வளைகுடா விமானங்கள் பலவும் இரவில் புறப்படுவதால் நம்மவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய விதி இது. மாமாவுக்கு அந்த ஆறு மணி நேரம் 5.40க்கு நிறையும். 4.30க்கே விமானம் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். தற்செயல் என்றே கொள்வோம்.

தாமதம் வேறு, ரத்து வேறு. வெறும் தாமதத்துக்கு நம் நாட்டு விதிகளில் இழப்பீட்டுப் பணம் கிடையாது, உணவும் விடுதியும்தான். ஐரோப்பாவில் 2004 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் மேல் வந்த 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சேர்ந்து, மூன்று மணி நேரம் தாமதமாய்ச் சேர்ந்தாலே 250 முதல் 600 யூரோ வரை கேட்க வழி செய்திருக்கின்றன. இங்கே ரத்து ஆனால்தான் பணத்துக்கு வழி. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லி, நமக்கு ஏற்ற மாற்று விமானமோ முழுப் பணமோ தந்தாலும் இல்லை. சொல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றுள் எது குறைவோ அது.

நிற்க. ரத்து அறிவித்ததும் ஊழியர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். பணம் திரும்ப வேண்டுவோர் இதில் கையெழுத்திடலாம். அடுத்த விமானத்துக்கு மூன்று நாள் ஆகும். உள்ளே பெருங்கூச்சல். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "உன் விமானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சினந்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாராம். மாமாவும் பேனாவை எடுத்துவிட்டார்; எடுத்த பிறகுதான் என்னை அழைத்தார்.

"மாமா, போடாதீங்க. பணத்தை வாங்கிட்டா அவங்க கடமை முடிஞ்சிடும். உங்களைக் கொண்டு சேர்க்கச் சொல்லிக் கேளுங்க."

இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணியுடையது. பணத்தைத் தேர்ந்தெடுத்த நொடியில் நம்மை ஊர் சேர்க்கும் பொறுப்பு அவர்கள் தோளிலிருந்து இறங்கி நம் தோளில் ஏறுகிறது. அன்று அதே வழியில் போக வேண்டியவர்கள் நூற்றுக்கணக்கானோர். மிஞ்சிய இருக்கைகளின் விலை விடிவதற்குள் ஏறிவிடும். 2025 டிசம்பரில் நாடு முழுவதும் இதைக் கண்டோம். விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், அதற்கேற்ற விமானிகள் இல்லாமல் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். பிற நிறுவனங்களில் கட்டணம் விண்ணைத் தொட்டது. பின்னர் அரசே தலையிட்டு, 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், மிகத் தொலைவுக்கும் 18,000 ரூபாய் என்று உச்ச வரம்பு விதிக்க நேர்ந்தது. அந்த வாரத்தில் பழைய டிக்கெட்டின் பணத்தைக் கையில் வாங்கியவர் அதைக்கொண்டு பாதி வழிகூடப் போயிருக்க முடியாது.

பட்டுக்கோட்டைப் பெரியவருக்கும் அதுவே நேர்ந்தது. சென்னை வழியாக இரு மடங்கு கொடுத்துப் போனார் என்று மாமா பிறகு கேள்விப்பட்டார்.

மாமா மூன்று கேள்விகள் கேட்டார். வேறு ஊரிலிருந்து உங்கள் விமானம் உண்டா? வேறு நிறுவனத்தில் ஏற்றி அனுப்புவீர்களா? அதுவரை தங்க இடம் எங்கே? முதற்கேள்விக்கே வழி பிறந்தது. சனி இரவு சென்னையிலிருந்து இடம் இருக்கிறதாம், பேருந்திலும் அனுப்புகிறார்களாம். மூன்று நாள் என்றவர்கள்தாம்! நான்காவதாக ஒன்றையும் கேட்கச் சொன்னேன். இன்ன விமானம், இன்ன காரணத்தால், இத்தனை மணிக்கு ரத்தானது என்று முத்திரையிட்ட தாள் ஒன்று. அதைத் தர அரை மணி நேரம் தயங்கிப் பிறகு தந்தார்கள். மாமா ஞாயிறு பிற்பகல் போய்ச் சேர்ந்தார். காலை முறைக்கு வரவில்லை என்று மேற்பார்வையாளர் சீறியபோது, அந்தத் தாள்தான் வேலையைக் காத்தது.

இதைப் படிப்போர் விமான ஊழியருடன் சண்டைக்குப் போக நான் தூண்டுவதாக எண்ணக் கூடாது. கோளாறுள்ள விமானம் தரையில் நிற்பதே நமக்கு நன்மை. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா புறப்பட்ட விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமிட்டு, எரிபொருளைக் குறைத்துக்கொண்டு பத்திரமாய்த் தரையிறங்கியதை நாம் தொலைக்காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம் அல்லவா? விமானியின் முடிவை எதிர்க்க நமக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. சோற்றுக்கும் மாற்று விமானத்துக்கும் தாளுக்கும் உரிமை உண்டு.

இயற்கைச் சீற்றத்துக்கும் நிறுவனம் பொறுப்பாகாது. 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னையில் ஓடுபாதை மூடப்பட்டது. வெள்ளம், புயல், கலவரம், வேலைநிறுத்தம், அரசு ஆணை இவற்றால் ரத்தானால் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் இயந்திரக் கோளாறு? நம் விதிகளின் விலக்குப் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. 'எங்கள் கட்டுப்பாட்டை மீறிய பிற காரணங்கள்' என்ற பொதுச் சொல்லுக்குள் அதை நுழைக்க நிறுவனங்கள் முயல்வதுண்டு. விமானத்தைப் பழுதின்றி வைத்திருப்பது நிறுவனத்தின் அன்றாடத் தொழில், ஆகவே சாதாரணக் கோளாறு விதிவிலக்காகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008 இலேயே தீர்ப்பளித்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். நம் உச்ச நீதிமன்றமும் 2021 செப்டம்பரில் ஒரு வழக்கை முடித்தது. ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்பது தீர்ப்பு. தாமதத்துக்குக் காரணம் இன்னது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு ரயில்வேயுடையது என்றது நீதிமன்றம். காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மாமாவின் இழப்பீட்டுக்கு எழுதிப் போட்டோம். வந்த பதிலில் இரண்டு காரணங்கள். ஒன்று தொழில்நுட்பக் கோளாறு, அது எதிர்பார்த்ததே. இரண்டாவதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. நேர மாற்றத்தை அன்று மாலை ஏழு மணிக்கே பயணியின் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினோம் என்றார்கள். யாருடைய எண்? டிக்கெட் எடுத்துத் தந்த முகவர் தம் எண்ணையே பதிந்திருந்தார்! அந்நேரம் அவர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பயணி தொடர்பு விவரம் தராவிட்டால் இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது. நம் பக்கத்து ஊர்களில் முகவரிடம் டிக்கெட் எடுப்பவர்களே மிகுதி. தாளைக் கையில் வாங்கியதும் பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் சரிபார்ப்பது போல, தொலைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். பன்னிரண்டு பேர் நடைபாதையில் கிடந்ததற்கு அந்தப் பத்து இலக்கங்களே காரணம்.

என்றாலும் நாங்கள் விடவில்லை. ரத்தானது அதிகாலையில், மாலைக் குறுஞ்செய்தியில் ரத்து என்ற பேச்சே இல்லை. 2016 இல் அரசு தொடங்கிய ஏர்சேவா தளத்தில் முறையீடு பதிந்தோம். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரையானால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தின் தாமத நஷ்டத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கையும் துணை நிற்கும். இந்தியா அதில் 2009 இல் சேர்ந்தது. அதற்கும் கெடு இரண்டு ஆண்டே.

ஏர்சேவாவிலிருந்து இதை எழுதும்வரை பதில் வரவில்லை. முந்தாநாள் மாமா அழைத்து, போர்டிங் பாஸும் அந்த முத்திரைத் தாளும் பத்திரமா என்று வினவினார். கொண்டுபோனால் தொலைத்துவிடுவேன் என்று மேற்பார்வையாளரிடம் காட்டிய கையோடு ஊருக்கே தபாலில் அனுப்பியிருந்தார். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பட்டாவுக்கும் கிஸ்தி ரசீதுகளுக்கும் இடையில், மஞ்சள் பையில் சுற்றி வைத்திருக்கிறாள்.