ஈர்ப்பு விதி மாறுமோ?

நம் நிலக்கோட்டைக்கு மேற்கே தெரிகின்ற கொடைக்கானல் மலையில், 1911 முதல் 1923 வரை வானாய்வுக்கூட இயக்குநராக இருந்தவர் எவர்ஷெட். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கை மெய்தானா எனச் சூரிய ஒளியின் நிறமாலையைக் கொண்டு சோதித்தவர் அவர்.

அச்சோதனை இன்னும் முடியவில்லை. மேலே எறிந்த கல்லின் வேகம் ஈர்ப்பால் குறைகிறது. அண்டத்தின் விரிவும் அவ்வாறே குறைய வேண்டுமன்றோ? ஆனால் கூடுகிறது என 1998இல் கண்டனர்! கண்ணுக்குப் புலப்படாத ‘இருண்ட ஆற்றல்’ தள்ளுகிறது என்பர் பலர். பெருந்தொலைவில் ஈர்ப்பு விதியே வேறு என்பர் சிலர்.

இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும், சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்து, 2017இல் 1.7 வினாடி இடைவெளியில் புவியை அடைந்தன. வேகம் ஒன்றே எனத் தெரிந்தது. வேறு என்ற திருத்தக் கொள்கைகள் பல வீழ்ந்தன. சில இன்னும் நிற்கின்றன.

விதிகளை மனப்பாடம் செய்தே தேர்வெழுதிய நான் வெட்கமுற்றேன். விதிகளும் தேர்வெழுதுகின்றன, தோழியரே!