மருத்துவமனையில் பாகுபாடு: பிரிவுக்குப் பிரிவு எவ்வாறு வேறுபடுகிறது?

பாகுபாடு என்றால் என்ன?

ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய மருத்துவச் சேவை, அவருடைய நோயின் தன்மையைப் பொறுத்து அமையாமல், சாதி, இனம், சமயம், பிறந்த நாடு ஆகியவற்றைப் பொறுத்துக் குறைந்தாலோ தாமதமானாலோ அது பாகுபாடு ஆகும். சேவையை வெளிப்படையாக மறுப்பது மட்டுமன்று. தொட்டுப் பரிசோதிக்காமல் மருந்து எழுதுதல், நோயாளி கூறும் வலியை நம்பாதிருத்தல், பிறர் முன்னிலையில் இழிவாகப் பேசுதல் ஆகியவையும் பாகுபாடே.

இராமேஸ்வரம் தீவையும் இராமநாதபுரம் கடற்கரையையும் சார்ந்து பல பிரிவினர் அருகருகே வாழ்கின்றனர். ஒரே மருத்துவமனையில் ஒரே வரிசையில் நின்றாலும், இவர்கள் எதிர்கொள்ளும் தடை ஒன்றன்று. தடை வேறுபடுவதால் அதற்கான தீர்வும் வேறுபடுகிறது.

இலங்கைத் தமிழர்கள்: ஆவணம் சார்ந்த தடை

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் தொற்றுநோய்த் தடுப்பிற்காக மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். 1983-க்குப் பின்னர் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கும், 2022-இல் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்களுக்கும் அம்முகாமே புகலிடமாயிற்று. இத்தகைய முகாம்கள் 2021 முதல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என அழைக்கப்படுகின்றன.

மொழியாலும் தோற்றத்தாலும் இவர்கள் இங்குள்ளோரிடமிருந்து பெரிதும் வேறுபட்டவர்கள் அல்லர். ஆவணமே இவர்களை வேறுபடுத்துகிறது. முகாமில் ஆள் தணிக்கை நடைபெறும் நாளில் நேரில் இருக்க வேண்டியிருப்பதால், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியுடன் யார் தங்குவது என்பதே குடும்பத்திற்குச் சிக்கலாகலாம். இதற்காகச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். மருத்துவமனையில் தங்க வேண்டிய நாட்களைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சான்று பெற்று, முகாம் அலுவலரிடம் முன்னதாகவே அளிக்கவும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாழ் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. முகாம் பதிவுச் சான்றைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம்.

பட்டியல் சாதியினர்: தீண்டாமை சார்ந்த தடை

இங்கு ஆவணம் குறையாக இருப்பதில்லை. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டறிந்த பின் நடத்தை மாறுவதே இதன் அடையாளம். நாடி பார்க்கத் தயங்குதல், தண்ணீருக்குத் தனிக் குவளை, ஒரு குடியிருப்பை மட்டும் விட்டுவிட்டு வீட்டுப் பார்வையை முடித்தல் ஆகியவை இதன் வடிவங்கள்.

தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். கிறித்தவ சமயத்தைத் தழுவிய குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை; எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. எனினும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்களும் புகார் அளிக்கலாம்.

நரிக்குறவர்கள்: முன்முடிவு சார்ந்த தடை

கோயில் நகரங்களில் பாசிமணி விற்று வாழும் நரிக்குறவர் குடும்பங்களைக் கண்டதும், 'தூய்மை இல்லாதவர்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்' என்னும் முடிவுக்குச் சிலர் வந்துவிடுகின்றனர். அதனால் மருந்து உண்ணும் முறையைக்கூட முழுமையாக விளக்குவதில்லை. ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கையில் மருத்துவக் குறிப்புகளும் தொடர்ச்சியின்றிப் போகின்றன. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் நரிக்குறவர்கள் 2023 சனவரியில் சேர்க்கப்பட்டதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு. மருத்துவச் சீட்டுகள் அனைத்தையும் ஒரே உறையில் வைத்து, செல்லும் ஊர்களுக்கெல்லாம் கொண்டு செல்வது நன்று.

முஸ்லிம்கள்: பழி சார்ந்த தடை

2020-இல் கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில், ஒரு சமயக் கூட்டத்தைக் காரணம் காட்டி முஸ்லிம்கள் அனைவரும் பழிக்கப்பட்டனர். நோய்க்கு நோயாளியின் சமயத்தையே காரணமாக்கும் இப்போக்கு, மகப்பேறு, குடும்பநலம் குறித்த பேச்சுகளிலும் ஏளனமாக வெளிப்படக்கூடும். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது, எச்சமயத்தைச் சார்ந்த பெண்ணுக்கும் உரிய உரிமையாகும்.

யாருடைய உள்நோக்கமும் இன்றி நேர்வது

கருவிகளாலும் வேறுபாடு நேரலாம். விரலில் பொருத்தி ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கருநிறத் தோல் உடையவர்களிடம் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்பது 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தெளிவாயிற்று. வெள்ளையர்களோடு ஒப்பிடுகையில், கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஆக்சிஜன் குறைவு அக்கருவியில் தென்படாமல் போயிருந்தது. எனவே கருவி காட்டும் எண் இயல்பாக இருந்தாலும், மூச்சுத்திணறல், குழப்பம், உதடு நீலம் பூத்தல் இருந்தால் உடனே தெரிவிக்கவும்.

உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கிறது?

அவமதிக்கப்பட்டவர் அடுத்த முறை வரத் தயங்குகிறார் என்பதே பாகுபாட்டின் பெரிய தீங்கு. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதங்கள் இடைவிடாது மருந்து உண்ண வேண்டும். நடுவில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். கருவுற்ற பெண் பரிசோதனையைத் தவிர்த்தால், உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்படாமல் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியலாம். தொடர்ந்த மன அழுத்தம் உறக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கிறது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

• முதலில் சிகிச்சையைப் பெறவும். அவசர நிலையில் எந்த ஆவணமும் கேட்டுச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. உயிர் காக்கும் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்துள்ளது. அவசர ஊர்திக்கு 108-ஐ அழைக்கவும்.
• நடந்ததை அன்றே எழுதி வைக்கவும்: நாள், நேரம், பிரிவு, பேசிய சொற்கள், உடனிருந்தோர். புறநோயாளிச் சீட்டைப் பத்திரப்படுத்தவும்.
• முதலில் நிலைய மருத்துவ அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ எழுத்துமூலம் முறையிட்டு, பெற்றதற்கான ஒப்புகையைக் கேட்கவும். 104 என்னும் எண்ணிலும் தெரிவிக்கலாம்.
• பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 14566 என்னும் எண்ணையும், சமயச் சிறுபான்மையினர் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்தையும் அணுகலாம். குடியுரிமை இல்லாதவர் உட்பட அனைவரும் மாநில மனித உரிமைகள் ஆணையத்திடம் முறையிடலாம். சட்ட உதவிக்கு 15100.
• புகார் நிலுவையில் இருந்தாலும் மருந்தை நிறுத்த வேண்டாம். அதே மருத்துவமனைக்குச் செல்ல இயலாதெனில், வேறு அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறவும்.

நினைவில் கொள்க

அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமன்றி, இந்நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது எவ்வகைத் தடை என்பதைச் சரியாக எடுத்துரைத்தால், அதற்குரிய அலுவலரும் சட்டமும் விரைவில் துணைக்கு வர இயலும்.