ராணுவத்துக்குப் பொருள் வாங்குறவருக்குச் சான்றிதழ் வேணுமா?

கேஜிஎஃப் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடிருச்சு. மத்திய அரசின் பெமல் ஆலை நிற்கல. புல்டோசரும் ராணுவத்துக்கான வாகனங்களும் இன்னும் அங்கே தயாராகுது. ராணுவ ஆர்டர் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வரும். ஒப்பந்தத்தில் ஒரு வரி குழம்பினா பணம் மாசக்கணக்கில் நிற்கும். ஆலைக்குப் பாகம் சப்ளை பண்ற சின்னப் பட்டறை வரைக்கும் அது பாதிக்கும். சரி, அந்த வரியை எழுதுறவருக்கு என்ன பயிற்சி?

அமெரிக்காவில் இதுக்குச் சட்டமே இருக்கு. 1990-ல் வந்த சட்டப்படி ராணுவக் கொள்முதல் ஊழியர்கள் படிச்சு சான்றிதழ் வாங்கணும்; அதுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம் நடத்துறாங்க. ஒப்பந்தப் பிரிவில் முன்னாடி 3 படிகளா இருந்த சான்றிதழை 2022-ல் ஒண்ணாக்கிட்டாங்க.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஃபரிதாபாத்தில் இருக்கிற அருண் ஜெட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் அரசு ஊழியர்களுக்குக் கொள்முதல் பயிற்சி தருது. ஆனா படிச்சவர் அதே நாற்காலியில் நிலைக்கிறதில்லை. சில வருஷத்தில் மாற்றல் வரும். கத்துக்கிட்டதும் அவரோடயே போயிடும். பயிற்சி குறைவு என்பதைவிட இதுதான் பெரிய ஓட்டை.

நீங்க விற்கிற பக்கம் வேலை தேடுறீங்களா? ஆரம்பிக்க ரெண்டு ஆவணம் போதும். புது வாகனம், ஆயுதம் மாதிரி மூலதனச் செலவுக்கு 'பாதுகாப்புக் கையகப்படுத்தல் நடைமுறை'. உதிரிபாகம், பழுதுபார்ப்புக்கு 'பாதுகாப்புக் கொள்முதல் கையேடு'. அதோட புதுப் பதிப்பு 2025 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கு. ரெண்டும் அமைச்சக இணையதளத்தில் இலவசம். மாரிக்குப்பம்–பெங்களூரு ரயிலில் தினம் போறவங்களுக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கு, உட்கார இடம் கிடைச்சா.